8 சதவீத ஏற்றத்துக்கு 72 வோல்ட், 3000 வாட் ஹப் மோட்டார் சரியா? மின்சைக்கிள் கட்டியவர்கள் சொல்லுங்கள்

மலைப்பாதை:

வணக்கம். என்னிடம் ஒரு பழைய ஸ்டீல் ஃப்ரேம் மவுண்டன் சைக்கிள் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரம், ரிம் பிரேக். இதில் பின்சக்கர ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார், போட ஆசை. நான் தினமும் போகும் வழியில் 6 கிலோமீட்டர் தொடர் ஏற்றம், சராசரியாக 8 சதவீதம். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்த்தால் 120 கிலோ வரும். 72 வோல்ட், 3000 வாட் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மணிக்கு 70 கிலோமீட்டர் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வேகம் வேண்டாம், ஏற்றத்தில் திணறாமல் ஏறினால் போதும். வாட் கூடினால் ஏற்றம் எளிதாகும் என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பேட்டரியை நானே கட்டலாம் என்றும் ஒரு எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

செம்புச்சுருள்:

வாங்கும் முன்பே கேட்டது நல்லது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

120 கிலோவுக்கு 8 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுப்பது சுமார் 94 நியூட்டன். டயர் உராய்வு 9 அல்லது 10. மணிக்கு 25 கிலோமீட்டரில் காற்றுத்தடை இன்னொரு 19. மொத்தம் 122 நியூட்டன் என்று வையுங்கள். இந்த வேகத்தில் அதற்கு 850 வாட் போதும், அதுவும் நீங்கள் பெடல் மிதிக்காமலே. ஏறி முடிக்க ஆகும் மின்சாரமும் அதிகமில்லை. மோட்டார் இழப்பைச் சேர்த்தால்கூட 250 வாட்-மணி அளவுதான்.

அப்படியானால் 3000 வாட் எதற்கு? 70 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்குக் காற்றைக் கிழிக்க மட்டும் 2900 வாட் வரை ஆகும். அந்த எண் சமதரை வேகத்துக்காகப் போட்டது. உங்கள் ஏற்றத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியது வெப்பம். டைரக்ட் டிரைவ் ஹப்பில் கியர் கிடையாது, சக்கரம் சுற்றும் வேகத்தில்தான் மோட்டாரும் சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தில் 122 நியூட்டனுக்கு 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும், அதைக் கால்மணி நேரம் விடாமல் தர வேண்டும். முறுக்குவிசை ஃபேஸ் கரண்டை, அதாவது மோட்டார் சுருளில் ஓடும் கரண்டைப் பொறுத்தது. சுருளில் எழும் வெப்பமோ அந்தக் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. போதாததற்குச் செம்பு சூடாகும்போது அதன் மின்தடையும் கூடும். 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 39 சதவீதம் அதிகம். சூடு மேலும் சூட்டைக் கொண்டுவரும்.

இதோடு சேர்த்து ஒன்றை மனதில் வையுங்கள். ஹப் மோட்டார் சூடாகிறது என்று பலர் ஏற்றத்தில் மெதுவாகப் போவார்கள். அது உதவாது. 25-ல் ஏறினால் பதினான்கரை நிமிடம், 15-ல் ஏறினால் 24 நிமிடம். தேவைப்படும் விசையோ 122-லிருந்து 110 நியூட்டனாகத்தான் குறைகிறது. ஏறி முடிக்கும்போது சுருளில் சேர்ந்த மொத்த வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும்.

இடைமோட்டார்:

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஹப் மோட்டாரே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ் போடுங்கள். பஃபாங் பிபிஎஸ்ஹெச்டி மாதிரி 1000 வாட் மோட்டார் உங்கள் சைக்கிளின் செயின் வழியாகவே இழுக்கும். ஏற்றம் வந்தால் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் தனக்கு வசதியான வேகத்தில் சுற்றும், குறைவாகச் சூடாகும், எடையும் நடுவில் இருக்கும். 8 சதவீதம் என்ன, 15 சதவீதம்கூட ஏறும்.

மலைப்பாதை:

செம்புச்சுருள், விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இடைமோட்டார் அண்ணே, செயின் தாங்குமா? தினசரி ஓட்டப்போகிறேன், அடிக்கடி கழற்றி மாட்ட நேரமில்லை.

இடைமோட்டார்:

செயின் தேயும், அதை மறைக்க மாட்டேன். மனிதக் கால் நீடித்துத் தருவது 100, 150 வாட். அதே செயினில் 1000 வாட்டை அனுப்பினால் செயினும் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) சீக்கிரம் தேயத்தான் செய்யும். சிறிய பல்சக்கரங்களைத் தவிர்த்து ஓட்டுங்கள். கியர் மாற்றும்போது மோட்டாரை ஒரு கணம் நிறுத்தும் கியர் சென்சார் கட்டாயம். செயின் நீட்சி அளக்கும் கேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு, கேசட்டைக் கெடுக்கும் முன் செயினை மாற்றிவிடுங்கள். பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை என்றால் ஹப் பக்கம் நியாயம் இருக்கிறது.

வேகமானி:

எல்லோரும் 72 வோல்ட்டை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று புரியவில்லை. பெரிய மோட்டாரை வாங்கி, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் குறைத்து வைத்துக்கொண்டால் போகிறது. வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம். அதே வாட்டுக்கு வோல்ட் கூடினால் பேட்டரி ஒயரில் ஆம்பியர் குறையும், அதுவும் நல்லதுதானே?

பதினான்குதொடர்:

பெரிய மோட்டார் என்ற பாதியை ஏற்கிறேன். பெரிய ஸ்டேட்டர் (மோட்டாரில் சுருள் சுற்றிய, சுழலாத பகுதி) என்றால் அதிகச் செம்பு, அதிக இரும்பு, மெதுவாகச் சூடாகும். ஆனால் வோல்ட் வேறு விஷயம்.

20 செல் தொடராகக் கட்டிய 72 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியதும் 84 வோல்ட் காட்டும். 14 தொடராகக் கட்டிய 52 வோல்ட் பேட்டரி என்றால் 58.8. மின்வாகனப் பாதுகாப்பு விதிகள் நேர்மின்சாரத்தில் 60 வோல்ட் வரை ஒரு வகுப்பாகவும் அதற்கு மேல் வேறு வகுப்பாகவும் வைத்திருக்கின்றன. முதல்முறை பேட்டரி கட்டுபவர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பது நல்லது. வியர்த்த கையில் 84 வோல்ட்டைத் தொட்டால் உறைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பவருக்கு அந்த வோல்ட்டால் பயனும் இல்லை.

மலைப்பாதை:

சரி, 52 வோல்ட், 14 தொடர் என்று முடிவு செய்கிறேன். இன்னொரு குழப்பம். ஒரே மோட்டாரை, சுருள் சுற்றிய விதத்தை வைத்து ‘ஹை டார்க்’ (அதிக முறுக்குவிசை) சுற்று, ‘ஹை ஸ்பீட்’ (அதிக வேகம்) சுற்று என்று இரண்டு வகையாக விற்கிறார்கள். ஏற்றத்துக்கு ஹை டார்க்தானே?

கம்பிக்கட்டு:

ஆமாம், ஏற்றத்துக்கு ஹை டார்க் சுற்றுதான். வேகச் சுற்று ஏற்றத்தில் எரிந்துபோகும்.

செம்புச்சுருள்:

கம்பிக்கட்டு, இதில் மட்டும் உங்களோடு உடன்படவில்லை. ஸ்டேட்டர் ஒன்று, அதில் செம்பின் எடையும் ஒன்று என்றால் சுற்று மாறுவதால் முறுக்குவிசைத் திறன் மாறாது. ஹை ஸ்பீட் என்பது தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள். ஹை டார்க் என்பது மெல்லிய கம்பியில் அதிகச் சுற்றுகள். 40 நியூட்டன் மீட்டருக்கு முதலாவது அதிக ஆம்பியரும் குறைந்த வோல்ட்டும் கேட்கும், இரண்டாவது குறைந்த ஆம்பியரும் அதிக வோல்ட்டும் கேட்கும். மின்தடையும் அதற்கேற்ப மாறுவதால் சுருளில் வரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றே.

வேகச் சுற்று எரிகிறது என்று பலர் கண்டதும் உண்மை, அதற்குக் காரணம் வேறு. வேகச் சுற்றை வாங்கியவர் வேகமாக ஓட்டுகிறார், அதிக சக்தியை இழுக்கிறார், அதனால் சூடாகிறது. கன்ட்ரோலரையும், ஆக்ஸில் வழியாகப் போகும் மெல்லிய ஃபேஸ் ஒயரையும் அதிக ஆம்பியர் வதைக்கிறது. அதனால்தான் மெதுவான சுற்றை வாங்கச் சொல்வேன். 52 வோல்ட்டில் சுமையின்றி 45 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுற்றும் மோட்டார் உங்களுக்குப் பொருந்தும்.

கம்பிக்கட்டு:

மின்தடையும் சேர்ந்து மாறும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஏற்கிறேன். சரி, என் பக்கத்துக்கு வருகிறேன், சக்கரமும் ஆக்ஸிலும்.

ஹப் மோட்டாரின் ஆக்ஸில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர், இரண்டு பக்கம் தட்டையாக்கி 10 மில்லிமீட்டர். சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்குவிசை ஆக்ஸிலைப் பின்னால் திருகப் பார்க்கும். கிளம்பும்போது 80 நியூட்டன் மீட்டர் என்றால், அந்த 10 மில்லிமீட்டர் தட்டையில் ஃப்ரேமின் டிராப் அவுட் (ஆக்ஸில் உட்காரும் பிளவு) தாங்க வேண்டிய விசை 8000 நியூட்டன், அதாவது 800 கிலோ எடைக்குச் சமம். அலுமினிய டிராப் அவுட் விரிந்துவிடும். ஆக்ஸில் சுழன்றால் ஒயர் முறுக்கி அறுந்து, மூன்று ஃபேஸும் ஒட்டிக்கொண்டு, ஓடும் சக்கரத்தை இறுகப் பிடிக்கலாம். என்னோடு ஓட்டும் ஒருவருக்கு இது நடந்தது. வேகம் குறைவாக இருந்ததால் தோல் உரிந்ததோடு போயிற்று.

உங்களுடையது ஸ்டீல் ஃப்ரேம் என்பது நல்ல தொடக்கம். இருந்தாலும் இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம், அதாவது ஆக்ஸில் சுழலாமல் ஃப்ரேமோடு பிணைக்கும் உலோகக் கை, போடுங்கள். 15 சென்டிமீட்டர் நீளக் கை என்றால் அந்த 800 கிலோ, ஃப்ரேமோடு பிணைக்கும் இடத்தில் 54 கிலோவாகக் குறைந்துவிடும். ஆர்மின் துளை ஆக்ஸில் தட்டையைத் துளியும் ஆட்டமில்லாமல் கவ்வ வேண்டும், இல்லையென்றால் அது இருந்தும் பயனில்லை. ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரியை சார்ஜ் செய்வது) வைத்தால் முறுக்கு முன்னும் பின்னுமாக மாறிமாறி வரும், சின்ன ஆட்டம்கூட நட்டைத் தளர்த்திவிடும்.

ஆரக்கம்பியில் ‘தடித்ததே பலம்’ என்று 12 கேஜ் கம்பியோடு சக்கரம் விற்பார்கள். சைக்கிள் ரிம்முக்கு அது ஒத்துவராது. அவ்வளவு தடித்த கம்பியை வேண்டிய இறுக்கத்துக்குக் கொண்டுவரும் முன் ரிம்மே விரிசல் விடும். இறுக்கம் குறைவாக நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து இறுகி, வளையும் இடத்தில் ஒடியும். 13 அல்லது 14 கேஜ் கம்பியை நன்றாக இறுக்கிக் கட்டிய சக்கரம் அதைவிட நீடிக்கும். பெரிய ஹப் என்பதால் ஒரே ஒரு குறுக்கு, அதாவது ஒரு கம்பி இன்னொரு கம்பியை ஒரு முறை மட்டும் குறுக்கே கடப்பது, போதும். மூன்று குறுக்குப் போட்டால் கம்பி நிப்பிளில் (ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு நட்டு) கோணலாக நுழையும்.

பதினான்குதொடர்:

பேட்டரி. முதலில் ஒரு வேண்டுகோள்: செல்களில் உலோகப் பட்டையைப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டரை இதுவரை தொட்டதில்லை என்றால், சோதனைச் சான்றோடு வரும் பேட்டரியை வாங்கிவிடுங்கள். ஒரு லித்தியம் செல் தீப்பிடித்தால் பக்கத்துச் செல்களும் தொடரும், தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தாலும் மறுபடி எரியும், புகையும் நச்சு. இதைப் படித்த பிறகும் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் கவனமாகக் கட்டுங்கள்.

21700 செல்லில் மோலிசெல் பி42ஏ நல்ல தேர்வு, 4200 மில்லி ஆம்பியர்-மணி. 14 தொடர், 6 இணை என்றால் 84 செல், எடை 6 கிலோ, சுமார் 1270 வாட்-மணி. கன்ட்ரோலரை 40 ஆம்பியரில் நிறுத்தினால் ஏறத்தாழ 2000 வாட் கிடைக்கும், ஒரு செல்லுக்கு 7 ஆம்பியர்கூட வராது. செல் சூடே தெரியாது, ஆயுளும் நீளும். எல்லாச் செல்லும் ஒரே இடத்தில், ஒரே முறையில் வாங்கியதாக இருக்கட்டும். பழைய லேப்டாப் செல்லை இதில் கலக்கவே வேண்டாம்.

நிக்கல் பட்டை தூய நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று பாருங்கள். சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டால் இரும்பு ஓரிரு நாளில் துரு காட்டும். இரும்புக்கு மின்தடை இரண்டு மடங்குக்கும் மேல், அங்கேதான் சூடு பிறக்கும். ஒவ்வொரு செல்லின் நேர்முனையிலும் காப்புக் காகித வளையம் ஒட்டுங்கள். அந்த முனையைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை, நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். கார்களில் வரும் தகடு ஃப்யூஸ் பொதுவாக 32 வோல்ட்டுக்கு உரியது. 58 வோல்ட்டில் அது உருகினாலும் உள்ளே தீப்பொறி வளைவு நின்று கரண்ட் தொடர்ந்து போகலாம். நேர்மின்சாரத்துக்கும் உங்கள் வோல்ட்டுக்கும் உரியதைத் தேடி வாங்குங்கள். கன்ட்ரோலரில் உள்ள கெபாசிட்டர்களால் முதல் இணைப்பில் பெரிய தீப்பொறி வரும், எக்ஸ்டி90-எஸ் கனெக்டரில் அதற்கான ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது.

செல்லை 4.2 வோல்ட்டுக்கு ஏற்றாமல் 4.1-ல் நிறுத்தினால் ஆயுள் கூடும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. தூங்கும்போதும் வெளியே போயிருக்கும்போதும் சார்ஜ் வேண்டாம், வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழியில் வைத்து சார்ஜ் செய்யவே வேண்டாம்.

கீழிறக்கம்:

ஏறுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அவர் அதே 6 கிலோமீட்டரைத் திரும்பி இறங்க வேண்டும், வைத்திருப்பது ரிம் பிரேக்.

480 மீட்டர் உயரத்திலிருந்து 120 கிலோ இறங்கும்போது 565 கிலோஜூல் எங்காவது போயாக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி, பாதிக்கும் மேல், பிரேக்கில் இறங்கும். அதாவது 480 வாட் வெப்பம், 12 நிமிடம் விடாமல். ரிம் பிரேக்கில் இந்தச் சூடு நேரே ரிம்முக்குப் போய் டியூப்பை வெடிக்க வைக்கலாம். டிஸ்க் மாட்டும் வசதியுள்ள ஸ்டீல் ஃபோர்க், முன்னால் 203 மில்லிமீட்டர் டிஸ்க், ஹைட்ராலிக் காலிப்பர். மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இவற்றை வாங்குங்கள்.

டைரக்ட் டிரைவ் எடுப்பதால் ரீஜென் கிடைக்கும், உங்கள் இறக்கத்துக்கு அது பெரிய வரம். அந்த 480 வாட்டுக்குச் சக்கரத்தில் 19 நியூட்டன் மீட்டர் போதும், மோட்டாருக்கு அது சுலபம். பிரேக் பேட் தொடாமலே பெரும்பகுதி இறங்கிவிடலாம். ஒரே எச்சரிக்கை: பேட்டரி முழுதாக இருக்கும்போது ரீஜென் வேண்டாம். பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) சார்ஜை வெட்டிவிட்டால் அந்தக் கணத்தில் பிரேக் காணாமல் போகும், வோல்ட் எகிறிக் கன்ட்ரோலரும் போகலாம். அதனால் மெக்கானிக்கல் பிரேக் தனியாகவே முழுச் சைக்கிளையும் நிறுத்தும்படி இருக்க வேண்டும்.

நடைபாதை:

நான் மின்சைக்கிள் ஓட்டுவதில்லை, தினமும் நடப்பவன். ஒன்று கேட்கிறேன். 2000 வாட் வண்டியைச் சைக்கிள் பாதையில் ஓட்டலாமா? பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வருகிறார்கள். குழந்தையின் கையைப் பிடித்து நடக்கும்போது பயமாக இருக்கிறது.

கீழிறக்கம்:

நியாயமான பயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் தொடர் திறன், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மோட்டார் உதவி, அவ்வளவுதான் சைக்கிள் கணக்கில் வரும். அதைத் தாண்டினால் மொபெட் வகை, பதிவும் காப்பீடும் கேட்பார்கள். அமெரிக்காவில் நுகர்பொருள் சட்டத்தின்படி 750 வாட்டுக்குக் குறைவு, 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மலைப்பாதை, உங்கள் வண்டி எந்த வகையில் வரும் என்று முதலில் பாருங்கள். பதிவு வேண்டும் என்றால் பதிவு செய்து சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் வரம்புக்குள் வைத்து ஓட்டுங்கள். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. நடப்பவருக்கு அதுதான் கணக்கு.

வேகமானி:

ஆளில்லாத பாதையில் 40-ல் போனால் யாருக்கு என்ன இடைஞ்சல்? 250 வாட்டில் அவருடைய 8 சதவீதத்தை 25-ல் ஏற முடியாது. வாட்டை வைத்துத் தடுப்பதே சரியில்லாத விதி. வேகத்தை மட்டும் வைத்துத் தடுக்கலாம்.

நடைபாதை:

விதி மாற வேண்டும் என்றால் மாற்றக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அதுவரை நடப்பவர்கள் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். பாதையில் ஆளில்லை என்பது வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும்.

மலைப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. கட்டி முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விவரம் எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

டைரக்ட் டிரைவ் ஹப், மெதுவான சுற்று. 52 வோல்ட் பேட்டரியைச் சான்றோடு வாங்கிவிட்டேன், பதினான்குதொடர் எழுதியதைப் படித்த பிறகு கட்டும் எண்ணம் போய்விட்டது. இரண்டு டார்க் ஆர்ம், 14 கேஜ் கம்பி, ஒரு குறுக்கு. முன்னும் பின்னும் ஹைட்ராலிக் டிஸ்க். இங்கே இது மொபெட் வகை என்பதால் பதிவு செய்து சாலையில் மட்டும் ஓட்டுகிறேன். நடைபாதை அவர்களின் கேள்வி மனதில் நின்றது, குறுக்குவழியாக இருந்த சைக்கிள் பாதையை விட்டுவிட்டேன்.

சுருளில் ஒட்டிய, வெப்பநிலை அளக்கும் தெர்மிஸ்டர்தான் இந்த வண்டியில் நான் அதிகம் பார்க்கும் கருவி. 110 டிகிரியில் கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்கத் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். 25-ல் மிதித்துக்கொண்டே ஏறினால் உச்சியில் 100-ஐ ஒட்டி நிற்கிறது. அதே இடத்தை மெதுவாக ஏறிப் பார்த்தேன், செம்புச்சுருள் சொன்ன மாதிரியே பாதி தாண்டியதும் 110-ஐத் தொட்டுவிட்டது. இறக்கத்தில் ரீஜென் இருப்பதால் பேட் தேய்வது மிகக் குறைவு. 90 சதவீதம் வரைதான் சார்ஜ் செய்கிறேன்.

வெயில் காலத்தில் இந்த 100 இன்னும் ஏறுமே, அதற்கு என்ன செய்யலாம்? மூடியில் துளை போடலாமா?

செம்புச்சுருள்:

துளை போடாதீர்கள். மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போய்ச் சுருளையும் பேரிங்கையும் கெடுக்கும். ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற, காந்தத்தால் ஈர்க்கப்படும் திரவத்தைப் போடுங்கள், ‘ஸ்டேட்டரேட்’ என்று விற்கிறார்கள். ஹப் மோட்டாரில் சூடாவது நடுவில் நிற்கும் ஸ்டேட்டர். வெளிக்காற்று படுவதோ சுற்றும் ஓடு. இரண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் வெப்பம் வெளியே வரத் தடுமாறுகிறது. இந்தத் திரவத்தைக் காந்தங்களே அந்த இடைவெளியில் பிடித்து வைத்துக்கொள்ளும், வெப்பம் அதன் வழியே ஓட்டுக்குப் போகும். சில மில்லிலிட்டர் போதும், கூடினால் இழுவைதான் கூடும்.

கம்பிக்கட்டு:

மூடியைத் திறக்கும்போதே ஆக்ஸில் நட்டையும் டார்க் ஆர்ம் போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள். ரீஜென் வைத்து ஓட்டுகிறீர்கள். நட்டின் மேல் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

இடைமோட்டார்:

கியர் வைத்த ஹப் மோட்டாரிலும் இந்தத் திரவம் போடலாமா? வீட்டில் இன்னொரு சைக்கிளில் அதுதான் இருக்கிறது.

செம்புச்சுருள்:

வேண்டாம். கியர் ஹப்பில் காந்த வளையம் ஓட்டுக்குள்ளே தனியாகச் சுற்றுகிறது. திரவம் வெப்பத்தை அந்த வளையம் வரை கொண்டுபோகும், அங்கிருந்து ஓட்டுக்குப் போக மறுபடி காற்று இடைவெளிதான். டைரக்ட் டிரைவுக்கு மட்டும் போடுங்கள்.